குளோசபின் சாப்பிடும் அண்ணன் சிகரெட்டை நிறுத்தலாமா? "அது அவருக்கு மருந்து மாதிரி" என்கிறார்கள்

#1 தஞ்சாவூர்க்காரி

வணக்கம். என் அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். நாற்பது வயது தாண்டிவிட்டது. வேறு மாத்திரைகள் எதிலும் காதில் கேட்கும் குரல்கள் அடங்கவில்லை. கடைசியில் குளோசபின் ஆரம்பித்தார்கள், அதில் நன்றாகவே தேறியிருக்கிறார். தானே குளிக்கிறார், கடைக்குப் போகிறார், அம்மாவுக்குக் காய் நறுக்கித் தருகிறார்.

ஆனால் நாள் முழுக்க சிகரெட். கையில் காசு இல்லாவிட்டால் பீடி. இருமல் நிற்காததால் நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப் போனோம். "உடனே நிறுத்தியாக வேண்டும்" என்றார். மனநலப் பிரிவில் கேட்டால், "அவருக்கு இருக்கும் ஒரே ஆறுதல் அதுதான். பிடுங்கினால் நோய் கிளம்பும், விட்டுவிடுங்கள்" என்கிறார்கள். நீண்ட வரிசை, மேற்கொண்டு கேட்கவும் முடியவில்லை.

இந்த நோய்க்காரர்களுக்கு நிகோட்டின் மருந்து மாதிரி வேலை செய்வதாக ஆராய்ச்சி இருக்கிறதாமே, உண்மையா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவர் நிம்மதியும் எனக்கு முக்கியம், ஆயுசும் முக்கியம்.

#2 கரிசல்காடு

அக்கா, என் சித்தப்பாவுக்கும் இதே நோய்தான். எங்கள் வீட்டில் பீடியைப் பிடுங்கிப் பார்த்தார்கள். இரண்டாம் நாளே கத்தல், தூக்கம் இல்லை, சோற்றுத் தட்டை விட்டெறிந்தார். பீடியைத் திரும்பக் கொடுத்ததும் அடங்கினார். அவருக்கு வேலை இல்லை, கல்யாணம் இல்லை, பேசுவதற்கு ஆள் இல்லை. டீக்கடை வாசலில் பீடியோடு நிற்கும்போதுதான் ஊர்க்காரர்கள் அவரிடம் ஒரு வார்த்தை பேசுகிறார்கள். அதையும் எடுத்துவிட்டால் அவருக்கு என்ன மிச்சம்? மனநல டாக்டர் சொன்னதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

#3 மனநலப்பயணி

அக்கா, நான் மனநல மருத்துவ மேற்படிப்பில் இருக்கிறேன். உங்கள் அண்ணனைப் பார்க்காமல் இதைச் செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆராய்ச்சியில் இருப்பதை எழுதுகிறேன்.

"நிகோட்டின் மருந்து" என்ற பேச்சு ஆகாயத்திலிருந்து வந்ததில்லை. ஒரே சத்தம் அடுத்தடுத்து இரண்டு தடவை கேட்டால், இரண்டாவது தடவை நம் மூளை அதைப் பாதிக்கும் குறைவாகத்தான் பொருட்படுத்தும். மனச்சிதைவு உள்ள பலருக்கு இந்த வடிகட்டல் சரியாக நடப்பதில்லை. புகை பிடித்ததும் அது சீராவதை அமெரிக்காவின் கொலராடோவில் ராபர்ட் ஃபிரீட்மனின் குழு 1990-களில் காட்டியது. ஆல்ஃபா-7 என்ற நிகோட்டின் ஏற்பியின் (மூளைச் செல்லில் நிகோட்டின் போய்ப் பற்றிக்கொள்ளும் இடம்) மரபணுவுக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக 1997-ல் எழுதினார்கள். நல்ல அறிவியல்தான். ஆனால் அந்தச் சீராதல் கொஞ்ச நேரம்தான் நிற்கும். அதே ஏற்பியைத் தூண்டும் மருந்தைச் செய்தால் நோயாளிகளின் சிந்தனைத் திறன் மேம்படும் என்று பெரிய நம்பிக்கை இருந்தது. அப்படி வந்த என்செனிக்லின் மூன்றாம் கட்டச் சோதனையில் தோற்றுப்போனது. 2016-ல் அது தெரியவந்தது.

கரிசல்காடு அண்ணா, உங்கள் சித்தப்பா தட்டை விட்டெறிந்தது நோய் கிளம்பியதாலா, நிகோட்டின் இல்லாத தவிப்பாலா? இரத்தத்தில் இருக்கும் நிகோட்டின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அப்புறம் எரிச்சல், பதற்றம், மனச்சோர்வு, எதிலும் கவனம் நிற்காமை எல்லாம் வரும். இன்னொன்று பற்றவைத்தால் போய்விடும். பிடிப்பவருக்கு "இதுதான் என்னை அமைதிப்படுத்துகிறது" என்று தோன்றுகிறது. பார்க்கும் வீட்டாருக்கும் டாக்டருக்கும்கூட அப்படியே தோன்றுகிறது. முழுதாக நிறுத்தினால் இந்தத் தவிப்பு முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பெரும்பாலும் தணியும். உங்கள் சித்தப்பாவுக்கு ஒரு துணை மருந்தும் இல்லாமல் பிடுங்கி, மிகக் கடினமான கட்டத்தில் திரும்பக் கொடுத்திருக்கிறார்கள்.

தவிப்பு தணிந்த பிறகு மனம் எப்படி இருக்கிறது என்பதையும் பார்த்திருக்கிறார்கள். 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 26 ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வந்தது. நிறுத்தியவர்களுக்குப் பதற்றம், மனச்சோர்வு, மன அழுத்தம் மூன்றுமே குறைந்திருந்தன. மனநோய் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில். 2021-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 102 ஆய்வுகளை எடுத்துக்கொண்டு செய்த மறுதொகுப்பும் அதே திசையில்தான் போகிறது. இவை பெரும்பாலும் நிறுத்தியவரையும் நிறுத்தாதவரையும் ஒப்பிட்டவை, யார் எந்தப் பிரிவு என்று குலுக்கிப் போட்டுப் பிரித்த சோதனைகள் இல்லை. அதனால் "நிறுத்தியதால்தான் மனம் தேறியது" என்று அடித்துச் சொல்ல மாட்டேன். "நிறுத்தினால் மனம் கெடும்" என்பதற்கு ஆதாரம் இல்லை என்று தயங்காமல் சொல்வேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதில் எனக்குக் கோபம் உண்டு. அமெரிக்க சிகரெட் கம்பெனிகளின் உள் ஆவணங்கள் வழக்குகளின் மூலம் வெளியே வந்தன. அவற்றை ஜூடித் புரோச்சாஸ்கா, ஷரன் ஹால், லிசா பெரோ மூவரும் படித்து 2008-ல் எழுதினார்கள். மனச்சிதைவு நோயாளிகளுக்குப் புகையிலையின் தீங்கு குறைவு, அவர்கள் தங்களுக்குத் தாங்களே மருந்து கொடுத்துக்கொள்கிறார்கள் என்ற கருத்தைத் தாங்கும் ஆராய்ச்சிகளைக் கம்பெனிகள் கண்காணித்தன, சிலவற்றுக்குப் பணமும் கொடுத்தன. மனநல மருத்துவமனைகளுக்கு சிகரெட் வழங்கின. அங்கே புகைக்குத் தடை வராமல் பார்த்துக்கொள்ளும் முயற்சிகளுக்கு ஆதரவு தந்தன. எல்லா ஆராய்ச்சியும் விலைக்கு வாங்கப்பட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் இன்று ஒரு டாக்டர் இரக்கத்தோடு "விட்டுவிடுங்கள்" என்று சொல்லும்போது, அந்தப் பேச்சுக்குப் பின்னால் இப்படி ஒரு பணமும் இருந்திருக்கிறது.

#4 இரவுப்பணி

நான் லண்டனில் மனநல வைத்தியசாலை ஒன்றில் தாதியாக வேலை செய்கிறேன். சொந்த இடம் யாழ்ப்பாணம். தம்பி எழுதியதோடு வாட்டில் கண்டதையும் சேர்க்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சிகரெட்தான் வாட்டின் காசு. "குளித்துவிட்டு வாங்கோ, ஒன்று தாறம்." "மருந்தைக் குடியுங்கோ, பிறகு வெளியில போகலாம்." ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, அப்படித்தான் எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். வாட்டுக்கு வரும்போது புகைக்காத பிள்ளைகள் சிலர் புகைக்கப் பழகிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அதை நினைத்தால் இப்பவும் மனம் பொறுக்காது.

2013-ல் இங்கே சிகிச்சை வழிகாட்டல்கள் தரும் நைஸ் நிறுவனம், மனநல வைத்தியசாலைகளின் வளவுகூடப் புகையில்லாமல் இருக்க வேண்டும் என்று வழிகாட்டல் கொடுத்தது. எங்களுக்கெல்லாம் சரியான பயம். நோயாளர்கள் அடிப்பார்கள், கதிரை மேசை உடையும் என்று கதைத்தோம். தெற்கு லண்டன் மற்றும் மோட்ஸ்லி அறக்கட்டளை 2014 ஒக்டோபரில் அதை நடைமுறைப்படுத்தியது. பிறகு முந்தைய மாதங்களோடு ஒப்பிட்டு ஆய்வு செய்து 2017-ல் வெளியிட்டார்கள். உடல்ரீதியான தாக்குதல்கள் 39 சதவீதம் குறைந்திருந்தன. கூடவில்லை, குறைந்தது!

யோசித்துப் பார்த்தால் எனக்கு அது விளங்குகிறது. முந்தி வாட்டில் நடந்த சண்டைகளில் எத்தனையோ சிகரெட்டுக்காகத்தான். கடன் கேட்பது, பறிப்பது, கதவு திறக்கும் நேரம் பிந்துவது. ஆனால் வெறுமனே தடை போட்டால் இது நடக்காது. ஆள் உள்ளே வந்த உடனேயே தோலில் ஒட்டும் நிகோட்டின் ஒட்டு, நிகோட்டின் சூயிங்கம், ஏதாவது ஒன்று கையில் கொடுக்க வேண்டும். கொடுக்காத இடங்களில் பிரச்சினை வந்ததையும் கண்டிருக்கிறேன்.

#5 கரிசல்காடு

நர்ஸ் அக்கா சொல்வது மனதில் படுகிறது. ஆனால் லண்டன் வார்டு வேறு, எங்கள் ஊர் டீக்கடை வேறு. மரபணு, ஏற்பி என்கிறீர்கள். நான் பார்ப்பது என்னவென்றால், பொழுது போகாதவன், கையில் காசு இல்லாதவன், ஒருவரும் மதிக்காதவன் பீடி பிடிக்கிறான். நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படித்தான்.

#6 மனநலப்பயணி

அண்ணா, நீங்கள் சொன்னதைச் சென்னையிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே மனச்சிதைவு பற்றி ஆராயும் ஸ்கார்ஃப் அமைப்பின் டி.என்.ஸ்ரீனிவாசனும் ஆர்.தாராவும் 2002-ல் எழுதிய கட்டுரை அது. வெளிநோயாளிகளாக வந்த மனச்சிதைவு உள்ள 286 ஆண்களைப் பார்த்தார்கள். புகைத்தவர்கள் 38 சதவீதம். அந்தக் காலத்தில் மேற்கத்திய ஆய்வுகளில் இதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். நோய்தான் நிகோட்டினைக் கேட்கிறது என்றால் சென்னை நோயாளிக்கும் அமெரிக்க நோயாளிக்கும் இவ்வளவு வித்தியாசம் வரக்கூடாது. குடும்பத்தோடு இருப்பது, காசு யார் கையில் இருக்கிறது என்பது, வீட்டுக்குள் புகைக்க விடுகிறார்களா என்பது, இவையெல்லாம் கணக்கில் வருகின்றன. உயிரியல் மட்டும் காரணம் இல்லை என்பதுதான் அவர்கள் வாதம். உங்கள் டீக்கடை வாசலும் அந்தக் கணக்கில் சேரும். அதனால் நிறுத்த உதவும்போது, அவர் யாரோடு நிற்கப்போகிறார், பேசப்போகிறார் என்பதற்கும் ஏதாவது ஏற்பாடு வேண்டும்.

#7 மருந்துச்சீட்டு

நான் மருந்தாளர். இவ்வளவு பேசியும் அக்காவின் கேள்வியில் இருக்கும் ஆபத்தான இடத்துக்கு இன்னும் வரவில்லை. குளோசபின்!

சிகரெட், பீடி எதன் புகையானாலும் அதில் இருக்கும் சில கரிமப் பொருட்கள் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிடும். அதன் பெயர் சிஒய்பி1ஏ2. குளோசபினை உடைத்து வெளியேற்றுவது பெரும்பாலும் அதுதான், இதே நோய்க்குக் கொடுக்கும் ஓலான்சபினையும் உடைக்கும். புகைப்பவர் உடலில் மருந்து வேகமாகக் கரைவதால், டாக்டர் அதற்கேற்ப அளவைக் கூட்டி வைத்திருப்பார். புகை நின்றால் சில நாட்களில் நொதி பழைய நிலைக்கு இறங்கிவிடும். அதே மாத்திரை, அதே அளவு. ஆனால் இரத்தத்தில் மருந்து சராசரியாக ஒன்றரை மடங்கு வரை ஏறலாம், சிலருக்கு அதற்கு மேலும்.

ஏறினால் என்ன தெரியும்? எழுப்ப முடியாத தூக்கம், எச்சில் ஒழுகல், தலைசுற்றல், தள்ளாட்டம், கை கால் வெட்டி இழுப்பது, கடைசியில் வலிப்பு. மலச்சிக்கலும் கூடும். குளோசபினில் மலச்சிக்கலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவே கூடாது, குடல் அசையாமல் நின்று உயிருக்கே ஆபத்தாகலாம். "சிகரெட்டை நிறுத்தினான், நோய் முற்றிவிட்டது" என்று வீட்டார் நினைப்பதில் சில உண்மையில் மருந்து மிகுந்துபோனதாக இருக்கும்.

இதில் நிகோட்டினுக்குப் பங்கே இல்லை. வேலை செய்வது புகைதான். அதனால் சிகரெட்டை விட்டு நிகோட்டின் ஒட்டுக்கோ சூயிங்கத்துக்கோ மாறினாலும் மருந்து ஏறும். பீடியை விட்டு வாயில் அடக்கும் புகையிலைக்கு, ஹான்ஸ் மாதிரி, மாறினாலும் ஏறும். வீட்டில் "பிடிப்பதை நிறுத்திவிட்டார், பரவாயில்லை, அதைத்தானே போடுகிறார்" என்று இருந்துவிடுவார்கள். டாக்டருக்குச் சொல்லத் தோன்றாது.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பவர்களுக்கும் ஒரு விஷயம். ஒரு நாளைக்கு 7 முதல் 12 சிகரெட்டே அந்த நொதியை ஏறக்குறைய முழு வேகத்துக்குக் கொண்டுபோகப் போதும். இருபதிலிருந்து பன்னிரண்டுக்கு இறங்கும்போது பெரிய மாற்றம் தெரியாது. கடைசிச் சிலவற்றை விடும்போதுதான் மருந்து அளவு சட்டென்று ஏறும். "பாதி குறைத்தோமே, ஒன்றும் ஆகவில்லையே" என்று கவனத்தை விட்டுவிட வேண்டாம்.

அப்புறம் காபி. அதில் இருக்கும் கஃபீனை உடைப்பதும் இதே நொதிதான். புகையை நிறுத்தியவர் வழக்கம்போல நாலு டம்ளர் டிகிரி காபி குடித்தால் படபடப்பும் தூக்கமின்மையும் வரும், பழியெல்லாம் சிகரெட்டை விட்டதன்மேல் விழும். அதோடு கஃபீன் அதிகமானால் குளோசபினும் கூடும். அதையும் பாதியாக்குங்கள்.

அக்கா, இதனால் நிறுத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிறுத்தும் தேதியை மனநல டாக்டருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு நிறுத்துங்கள் என்கிறேன். முதல் வாரத்திலேயே மருந்தைக் கால் பங்கு போலக் குறைத்து, அப்புறம் இரத்தத்தில் அளவு பார்த்து முடிவெடுப்பது பல வழிகாட்டிகளில் இருக்கிறது. எவ்வளவு, எப்போது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வீட்டில் நீங்களாகக் குறைக்காதீர்கள்.

#8 ஐயம்

புகையை நிறுத்தக் கொடுக்கும் வரெனிக்லின் மாத்திரை பற்றி ஒருவரும் பேசவில்லையே. அதைச் சாப்பிட்டவர்கள் தற்கொலை எண்ணத்துக்குப் போனதாக அமெரிக்காவில் மருந்துக் குறிப்பில் கறுப்புக் கட்ட எச்சரிக்கையே, அதாவது மிகக் கடுமையான எச்சரிக்கையே, போட்டிருந்தார்கள். அப்புறம் பாதுகாப்பானது என்று சொன்ன ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அதைத் தயாரித்த ஃபைசர். சிகரெட் கம்பெனி பணம் என்றால் கோபப்படும் தம்பி, மருந்துக் கம்பெனி பணத்துக்கு என்ன சொல்கிறார்?

#9 மனநலப்பயணி

கேட்க வேண்டிய கேள்விதான்.

எச்சரிக்கை 2009-ல் போடப்பட்டது. அப்போது கம்பெனிகளைச் சோதனை நடத்தச் சொன்னதே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புதான். ஃபைசரும், புகையை நிறுத்த உதவும் இன்னொரு மாத்திரையான புப்ரோபியானைத் தயாரித்த கிளாக்ஸோவும் பணம் கொடுத்தன. ஈகிள்ஸ் என்ற அந்தச் சோதனை 2016-ல் லான்செட்டில் வந்தது. 16 நாடுகள், எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், அதில் பாதிப் பேருக்கு மனநோய் உண்டு. வரெனிக்லின், புப்ரோபியான், நிகோட்டின் ஒட்டு, வெற்று மாத்திரை என்று நான்கு பிரிவுகள். மனநோய் உள்ளவர்களில் மிதமான, கடுமையான மனநலப் பக்கவிளைவுகள் வரெனிக்லினில் 6.5 சதவீதம், வெற்று மாத்திரையில் 4.9 சதவீதம். இந்த வித்தியாசம் புள்ளியியல்படி தற்செயலைத் தாண்டியதாக இல்லை. மொத்தச் சோதனையிலும் நடந்த ஒரே தற்கொலை வெற்று மாத்திரைப் பிரிவில். அந்த ஆண்டு டிசம்பரில் எச்சரிக்கையை எடுத்தார்கள்.

குறையும் உண்டு. சேர்க்கப்பட்டவர்கள் நோய் நிலையாக இருந்தவர்கள். மனச்சிதைவு வகை நோய் கொண்டவர்கள் மனநோய்ப் பிரிவில் பத்தில் ஒரு பங்குதான், மற்றவர்களில் பெரும்பாலோர் மனச்சோர்வு போன்றவை உள்ளவர்கள். அதனால் அக்காவின் அண்ணனுக்கு அதை மட்டும் வைத்துச் சொல்ல மாட்டேன். அவருக்கு நெருக்கமான ஆய்வு 2014-ல் ஈடன் எவின்ஸ் குழு பாஸ்டனை மையமாக வைத்துச் செய்தது. மனச்சிதைவும் இருதுருவ நோயும் உள்ளவர்களுக்கு முதல் 12 வாரம் வரெனிக்லின் கொடுத்தார்கள். நிறுத்தியவர்களை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு அதையே தொடர்ந்தார்கள், மறு பாதிக்கு வெற்று மாத்திரை. ஓராண்டு முடிவில் புகைக்காமல் இருந்தவர்கள் மருந்தைத் தொடர்ந்தவர்களில் 60 சதவீதம், மற்றவர்களில் 19 சதவீதம். வழக்கமான 12 வாரத்தோடு மருந்தை வெட்டிவிட்டு "பார், இவர்களால் முடியாது" என்று சொல்வது நியாயமே இல்லை.

புப்ரோபியான் பற்றியும் ஒரு வரி. அது வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும், குளோசபினும் கூட்டும். இரண்டையும் சேர்ப்பதை டாக்டர்கள் பெரும்பாலும் தவிர்ப்பார்கள்.

#10 புதுவாழ்வு

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் கணவர் குடியிலிருந்து மீளும் சிகிச்சையில் இருக்கிறார். "முதலில் குடியை விடட்டும், சிகரெட்டையும் சேர்த்து விட்டால் இரண்டும் கெட்டுவிடும்" என்கிறார்கள் அங்கே. நீங்கள் எழுதுவதைப் படித்தால் அதுவும் இதே மாதிரி பேச்சாகத் தெரிகிறது. மனச்சோர்வு மாத்திரையும் உடனே ஆரம்பிக்கச் சொல்லிக் கேட்டேன், கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள்.

#11 மனநலப்பயணி

அம்மா, சிகரெட் விஷயத்தில் ஆதாரம் மறுபக்கம் இருக்கிறது. போதை சிகிச்சையில் இருக்கும்போதே புகையை நிறுத்தவும் உதவிய 19 சோதனைகளை 2004-ல் தொகுத்தார்கள். அந்த உதவி பெற்றவர்கள் குடியிலிருந்தும் மற்ற போதைகளிலிருந்தும் நீண்ட நாள் விலகியிருக்கும் வாய்ப்பு 25 சதவீதம் கூடியிருந்தது, குறையவில்லை. அமெரிக்காவின் ராச்செஸ்டரில் மதுவுக்கும் மற்ற போதைகளுக்கும் சிகிச்சை பெற்ற 845 பேரைப் பின்தொடர்ந்து 1996-ல் எழுதினார்கள். இறந்தவர்களில் பாதிப் பேரைக் கொண்டுபோனது புகையிலை சார்ந்த நோய்கள், மது சார்ந்தவை மூன்றில் ஒரு பங்கு. குடியிலிருந்து மீட்டெடுத்த ஆளைப் புகைக்குப் பறிகொடுத்திருக்கிறார்கள்.

மனச்சோர்வு மாத்திரைக்குப் பொறுக்கச் சொன்னதில் நியாயம் இருக்கலாம். 1988-ல் பிரவுனும் ஷூக்கிட்டும் செய்த ஆய்வில், குடிக்காகச் சேர்ந்தவர்களில் 42 சதவீதம் பேருக்கு வந்தபோது கணிசமான மனச்சோர்வு இருந்தது. வேறு மருந்தில்லாமல் நான்காவது வாரத்தில் அது 6 சதவீதமானது. ஆனால் அவர் குடிக்குமுன்பே சோர்வாக இருந்தவர் என்றாலோ, உயிரை விடும் பேச்சு பேசினாலோ பொறுக்கவே வேண்டாம், இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ் எண் 14416, எந்நேரமும் பேசலாம்.

#12 தஞ்சாவூர்க்காரி

எல்லோருக்கும் நன்றி. அண்ணனிடம் நேற்று உட்கார்ந்து பேசினேன். இத்தனை வருஷத்தில் "நிறுத்து" என்று சொல்லியிருக்கிறோம், "நிறுத்த விருப்பமா" என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. "மூச்சு வாங்குது, விட்டா நல்லாத்தான் இருக்கும், ஆனா குரல் திரும்ப வருமோன்னு பயமா இருக்கு" என்றார். நீங்கள் எழுதியதை அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். அடுத்த முறை போகும்போது அவரே டாக்டரிடம் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். கேட்க வேண்டியதைச் சுருக்கமாக எழுதித் தருவீர்களா? அங்கே நேரம் கிடைக்காது.

#13 மருந்துச்சீட்டு

அக்கா, ஒரு தாளில் இதை எழுதிக் கொடுங்கள்: "எனக்கு நிறுத்த விருப்பம். இப்போது தினமும் இத்தனை சிகரெட், இத்தனை பீடி. குளோசபின் இத்தனை மில்லிகிராம். நிறுத்தும் தேதி இது. அன்றிலிருந்து மருந்தை எப்படிக் குறைக்க வேண்டும்? இரத்தத்தில் அளவு எங்கே, எந்த நாளில் பார்க்கலாம்? நிகோட்டின் ஒட்டா, வரெனிக்லினா, எத்தனை மாதம்?" இருக்கும் பக்கவிளைவுகளையும் கீழே எழுதுங்கள்.

2 மில்லிகிராம் நிகோட்டின் சூயிங்கம் மருந்துக்கடையில் கிடைக்கும். மிட்டாய் மாதிரி தொடர்ந்து மென்றால் வயிறு கலங்கும், பலனும் குறைவு. காரம் தெரியும்வரை மென்று கன்னத்தில் ஒதுக்க வேண்டும், காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். காபி குடித்த உடனே போடக்கூடாது. புகையிலையை விட உதவும் தேசிய இலவச எண் 1800-11-2356.

#14 இரவுப்பணி

தங்கச்சி, முதல் இரண்டு வாரம் அவரைத் தனிய விடாதேங்கோ. கோபப்பட்டால் திருப்பிக் கோபப்படாமல், கூட்டிக்கொண்டு ஒரு நடை போங்கோ. காலமை எழும்பக் கஷ்டப்படுகிறாரா, எச்சில் கூடுதலாக வழிகிறதா, மலம் ஒழுங்காகப் போகிறதா என்று ஒவ்வொரு நாளும் குறித்து வையுங்கோ.

#15 மனநலப்பயணி

ஒன்று விட்டுப்போயிற்று. இடையில் மறுபடி பிடிக்க ஆரம்பித்தால் அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள் அக்கா. திட்டு விழும் என்று பலர் மறைக்கிறார்கள். ஆனால் குறைத்த மாத்திரையோடு புகையும் சேர்ந்தால் இரத்தத்தில் குளோசபின் போதாமல் இறங்கிவிடும், குரல்கள் திரும்புவது அப்போதுதான். அளவைச் சரிசெய்துவிட்டு, இன்னொரு தேதி குறித்துக்கொள்ளலாம்.